செவலை மேல் சத்தியம்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுக்கும் இடத்துப் பெஞ்சில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். அவ்வளவு இடம் விட்டிருந்தேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் நான் அவரிடம் பேசாமல் இருந்ததே இல்லை. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்பது எங்கள் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் அன்றோடு ஒன்பது நாளாக அவரிடம் பேசவில்லை. அவர் எனக்குத் தெரியாமல் குடிக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கத்தில். நான் உள்ளூர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அரிசி அளப்பது, முட்டையை எண்ணுவது, சாம்பாரை ருசி பார்ப்பது, சமையல் செய்பவர்களை விரட்டுவது எல்லாம் என் வேலை. விரட்டி விரட்டி அதே குரல் வீட்டிலும் வந்துவிட்டது. என் கணவர் விவசாயி. பத்து வார்த்தை நான் பேசினால் ஒரு வார்த்தை அவர் பேசுவார், அதையும் பாதி மாட்டிடம்தான் பேசுவார். எங்கள் பக்கத்தில் மாடு என்றால் உழவு மாடோ பால் மாடோ மட்டும் இல்லை, வாடிவாசலில் அவிழ்த்துவிடுகிற ஜல்லிக்கட்டு மாடும் உண்டு. எங்கள் வீட்டில் நிற்பது அந்த மாதிரி ஒரு செவலைக் காளை.

ஐந்து வருடத்துக்கு முன்பு அதைக் கன்றுக்குட்டியாகக் கொண்டுவந்து கட்டியபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். "என்னைக்கு இது நம்ம வீட்டு ஆளு மேல தலைய ஆட்டுதோ, அன்னைக்கே மாட்டு ஏவாரி வண்டியில ஏத்திவிட்ருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் வளர்ந்த பிறகு செவலை என்னிடம் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. வாடியில் பத்துப் பேரைச் சிதறடிக்கிற மாடு, நான் பருத்திக்கொட்டைத் தொட்டியோடு போனால் தலையைத் தாழ்த்திக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பஸ்ஸில் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். எங்கள் மாடு எங்கள் ஆட்களைத் தொடாது என்பது ஊருக்கே நான் ஒப்பித்த பாடம்.

அந்த மாசிக்கு முந்தின மார்கழி தொடக்கத்தில் அவருக்கு மூன்று நாள் வயிற்றுவலி. வாய்வு என்றார். ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், சரியாகிவிட்டது என்றார். பொங்கல் வந்தது. எப்போதும் இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிடுகிறவர் நான்கு வாயில் போதும் என்று எழுந்துவிட்டார். தை மாதம் ஊர் ஊராக வாடிவாசலுக்குச் செவலையைக் கூட்டிப்போவதுதான் அவருக்கு உயிர். அந்த முறை தன் தம்பியை அனுப்பிவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தார். தை கடைசியில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, மேல் வயிறு மட்டும் புடைத்துக்கொண்டே போனது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவைப் பார்த்துவிட்டு, கணையத்தில் ஏதோ கோளாறு என்றார். எனக்குக் கணையம் என்ற வார்த்தை பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தோடு சரி. "பெரும்பாலும் பித்தப்பையில கல்லு இருந்தா வரும், இல்லேன்னா குடியால வரும். நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டார். இவர் இல்லை என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண் என் பக்கம் திரும்பி உடனே கீழே இறங்கிவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் செய்த துப்பறியும் வேலையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் துண்டை மோந்து பார்த்தேன். வைக்கோல்போரைச் சுற்றிக் குச்சியால் கிளறினேன். மாட்டுக் கொட்டகைக் கூரை ஓர இறவானத்தில் ஒரு சின்ன பாட்டில் செருகியிருந்தது. அகப்பட்டுக்கொண்டார் என்று வெற்றியோடு திறந்து பார்த்தால் வலிக்குத் தடவுகிற தைலம். செவலைக்குக் கால் சுளுக்கு, அதற்காக வாங்கியது என்றார். அதற்கும் நான் அடங்கவில்லை. மறுநாளே அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை ஏற்றி, குடிக்கவில்லை என்று அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு கோர்ட் கிடையாது. உள்ளங்கையால் பட்டென்று அணைத்தார். அப்போதும் நான் நம்பவில்லை. மனசில் ஒன்றுமில்லாதவர் ஏன் என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்பதே எனக்குக் கேள்வி. அன்றிலிருந்துதான் பேச்சை நிறுத்தினேன். போதாக்குறைக்கு, பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்களிடம் அவர் குடிக்கிறார் என்று சொல்லியும் அழுதுவிட்டேன்.

மாத்திரையில் குணம் தெரியாததால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் புதுக்கோட்டை டாக்டரின் பேச்சு மாறியது. பித்தப்பையில் கல் இல்லை. ஆனால் கணையத்தை ஒட்டி ஒரு பெரிய நீர்க்கட்டி, அதுதான் இரைப்பையை நசுக்கிக்கொண்டு சாப்பிட விடாமல் செய்கிறது என்றார். என்ன கட்டி என்று கேட்டேன். வெறும் நீராகவும் இருக்கலாம், வேறு மாதிரியாகவும் இருக்கலாம், உடனே திருச்சிக்குப் போங்கள் என்று ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வேறு மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். நடுவில் விட்டிருந்த இடம் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை கீரனூர் வழியாகத் திருச்சி போனோம். வயிறு, குடல், கணையம் இதெல்லாம் பார்க்கிற சிறப்பு மருத்துவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி நிறைய நேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டு எங்களுக்குச் சொன்னார். முன்னால் இரைப்பை, அதற்குப் பின்னால் கணையம், இரண்டுக்கும் நடுவில் இந்தக் கட்டி.

"இது ரெண்டுல ஒண்ணா இருக்கணும்மா. கணையம் எதனாலயோ அடிவாங்கி, அதோட சாறு கசிஞ்சு வெளியில தேங்கியிருக்கலாம். அப்படின்னா வடிச்சு விட்டாப் போதும். இல்லேன்னா கட்டியே தானா வளருது. அதை வடிக்கக் கூடாது. வயித்தைத் திறந்து, கணையத்துல பாதியோட சேத்து எடுக்கற மாதிரி ஆயிரும். பெரிய ஆபரேஷன். அதனாலதான் இது எப்படி வந்துச்சுன்னு தெரியணும்" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "குடிக்கிறாருங்க டாக்டர். கேட்டா ஒத்துக்கிற மாட்டேங்கிறாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். எனக்கு அப்படித் தெரியவில்லையே என்றார். என் கணவரின் நகத்தை, கண்ணை, கையை எல்லாம் பார்த்துவிட்டு, "வயித்துல எப்பவாச்சும் பலமா அடிபட்டுச்சாய்யா? வண்டி ஹேண்டில்பார் குத்துறது, மரத்துலேர்ந்து விழறது, அந்த மாதிரி? மேலே காயம் இல்லாட்டியும் பரவாயில்லை. கணையம் முதுகெலும்புக்கு முன்னாடி இருக்கு. முன்னால அடிச்சா நடுவுல அது நசுங்கும்" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றார் இவர். டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னார். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். புதுக்கோட்டையில் பார்த்தாரே, அதே பார்வை.

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். காரணமே தெரியாமல் இவ்வளவு பெரிய கட்டி என்றால் தனக்குச் சந்தேகம் இரண்டாவது பக்கம்தான் போகிறது, ஆபரேஷனுக்குத் தயாராக வேண்டியிருக்கும் என்றார். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தத் தைலப் பாட்டில் நினைவுக்கு வந்ததோ என்னவோ. செவலை இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட நொண்டவில்லை, பிறகு அந்தத் தைலம் யாருக்கு என்று சட்டென்று உறைத்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தேன்.

"ஏங்க, இங்கிட்டுத் திரும்புங்க. வயித்துல எதுவும் படலைன்னு நம்ம செவலை மேல சத்தியம் பண்ணுங்க."

கற்பூரத்தைக் கண்ணை இமைக்காமல் அணைத்த மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுதான் முட்டுச்சு" என்றார் என் கணவர்.

சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுவரைக்கும் இல்லை. மார்கழி முதல் வாரம், செவலைக்கு மண் குத்துகிற பயிற்சி கொடுத்திருக்கிறார். மண்ணைக் குவித்துவைத்து அதைக் கொம்பால் குத்தப் பழக்குவார்கள். இவர் கொட்டகைக் கல்தூணில் சாய்ந்து நின்றிருக்கிறார். பக்கத்துத் தெருவில் யாரோ வெடி போட, மாடு மிரண்டு திரும்பியிருக்கிறது. கொம்பு படவில்லை. நெற்றியால் இவர் வயிற்றைக் கல்தூணோடு வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே இவரை அடையாளம் தெரிந்துகொண்டு கையை நக்கியதாம். ரத்தம் இல்லை, காயம் இல்லை, தைலத்தைத் தடவிக்கொண்டு விட்டுவிட்டார். என்னிடம் சொன்னால் அன்றைக்கே ஏவாரி வண்டி வாசலில் நிற்கும். வெளியில் சொன்னால் சொந்த ஆளையே முட்டிய மாடு என்று பெயர் கெட்டுப்போகும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மாட்டுக்காகத் தன் வயிற்றை அறுக்கவும் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்று மட்டும் சொன்னார். அடி பட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, கணக்குச் சரியாக வருகிறது, அநேகமாக இது தேங்கிய நீர்தான், இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன் என்றார். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு என்று பெயர் என்றார்.

எனக்கு எண்டோஸ்கோப்பி தெரியும், வாய் வழியாகக் குழாய் விடுவது. ஸ்கேனும் தெரியும், வயிற்றின் மேல் பசையைத் தடவித் தேய்ப்பது. இது இரண்டும் சேர்ந்தது என்றார். குழாயின் நுனியிலேயே குட்டியாக ஒரு ஸ்கேன் கருவி இருக்குமாம். வெளியிலிருந்து பார்த்தால் தோல், கொழுப்பு, குடலில் இருக்கிற காற்று எல்லாம் மறைக்கும். இரைப்பைக்குள்ளேயே போய்விட்டால் கணையம் அடுத்த சுவர்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ரோட்டுல நின்னு உங்க பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குள்ள என்ன வேகுதுன்னு பாக்க முடியுமா? பக்கத்து ரூம்ல நின்னு ஜன்னல் வழியாப் பாத்தா நல்லாத் தெரியுமில்ல?" என்றார். பார்ப்பது மட்டும் இல்லை, ஊசி விட்டு நீரை எடுத்துச் சோதிக்கலாம், தேங்கிய நீர்தான் என்று உறுதியானால் அப்போதே இரைப்பைக்கும் கட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன குழாயைப் பொருத்தி நீரை இரைப்பைக்குள்ளேயே வடிய விடலாம், வெளியில் கத்தியே படாது என்றார். தானாக வளருகிற கட்டியாக இருந்தால் மட்டும் எதையும் தொடாமல் திரும்பி வந்துவிடுவேன் என்றார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்று முடிவானது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொன்னார்.

நான் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. போனை எடுத்து என் கொழுந்தனிடம், "தம்பி, நாளைக்குக் காலையில ஏவாரிய வரச் சொல்லுங்க. செவலைய ஏத்திருங்க" என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். பயம்தான் ஆத்திரமாக வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

காலையில் பச்சை உடுப்பு மாட்டி ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் என் கையைப் பிடித்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறார், வெளியூரில் படிக்கிற மகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லப் போகிறார் என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். "செவலைய வித்துராத. அது தெரிஞ்சு முட்டலை" என்றார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சாதாரணமாக அந்த மாதிரி நேரத்தில் நான் எந்தச் சாமிக்கு எத்தனை படி பொங்கல் என்று பேரம் பேச ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு எந்தச் சாமியும் மனசில் வரவில்லை. அவர் சொன்னதே திரும்பத் திரும்ப வந்தது. வாடிவாசலில் ஆயிரம் பேருக்கு நடுவில், கொம்பு சீவிய மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். மாட்டுக்குப் பயப்படாதவர், என் வாய்க்குப் பயந்து வயிற்றுவலியை மறைத்திருக்கிறார். நான் கத்துவேன் என்று தெரியும், கேட்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் ஒரு நிமிஷம் முன்னதாக எழுதி முடித்திருந்தால், அல்லது நான் வீம்பாக இன்னொரு நாள் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அரைமணி நேரம் ஆகியிருக்கும். கொழுந்தன் போன் செய்தார். "அண்ணி, ஏவாரி வந்துட்டாரு. செவலை வண்டியில ஏற மாட்டேங்குது. நாலு பேரு புடிக்கிறோம், கால ஊணிக்கிட்டு நிக்குது. என்ன செய்யச் சொல்றீங்க?" பின்னால் மாடு சீறுகிற சத்தம் கேட்டது. ஏற்று என்றும் சொல்ல வரவில்லை, விடு என்றும் சொல்ல வரவில்லை. உள்ளே அவருக்கு என்ன என்று தெரியாமல் அந்த மாட்டை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. "கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் இழுத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துக் குடிங்க என்றார். அப்போதுதான் நானும் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எழுந்துவிட்டேன்.

"வெறும் நீர்தான்மா. உள்ள கட்டி மாதிரி எதுவுமே இல்லை, நல்லாச் சுத்திப் பாத்துட்டேன். குழாய் வச்சாச்சு. வச்ச உடனே மடை திறந்த மாதிரி கொட்டுது. ஒரு லிட்டருக்கு மேல இருக்கும். வயித்துல கை வச்சுப் பாருங்க, புடைப்பு வடிஞ்சிருக்கும்" என்றார். கொஞ்சம் நீரை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறேன், அது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் என்றும் சொன்னார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. வாடிவாசலில் செவலை பிடிபடாமல் போனால் எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தியிருக்கிறேன். காவலாளி ஓடிவந்து, "அம்மா, ஆஸ்பத்திரிம்மா" என்றார். டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து அழுதார். அவர் வீட்டு ஆளுக்கு என்ன வியாதி என்றுகூட நான் கேட்கவில்லை.

டாக்டர் போகும்போது திரும்பி, "மாடு முட்டுச்சுன்னு அவர் சொல்லாட்டி நான் இவ்வளவு தைரியமா இதைத் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். உடனே போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டேன். "தம்பி, ஏவாரிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிவிடுங்க. செவலைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைங்க" என்றேன். அங்கிட்டும் ஒரு பெரிய சத்தம் கேட்டது. மாடு கத்தியதா, கொழுந்தன் கத்தினாரா என்று தெரியவில்லை.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் என்னை ஒரு கேள்விக்குறியோடு பார்த்தார். என்ன கேட்கிறார் என்று தெரிந்தும், தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த அளவுக்காவது பழிவாங்க வேண்டாமா! பிறகு, "நிக்கிது, நிக்கிது. ஒங்க பிள்ளை தின்னுக்கிட்டு நிக்கிது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அப்போதே, அந்தக் கட்டில் பக்கத்திலேயே, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். கற்பூரம் அணைக்கச் சொன்னது, துண்டை மோந்து பார்த்தது, மற்றவர்களிடம் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு நீளமாக மன்னிப்புக் கேட்டதில்லை. "வைக்கப்போரைக் கிளறினியே, அதச் சொல்லலையே" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மறுநாள் முதலில் நீராகாரம், பிறகு கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். ஒரு டம்ளர் கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இரண்டு மாதமாக நான் கேட்காத வார்த்தை அது. தினமும் பிள்ளைகள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று கேட்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குச் செய்ததைச் சொல்லத் தெரியவில்லை. நர்ஸ் அளவோடுதான் என்று சொன்னதால் நானே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

நான்கு நாளில் ஆய்வு முடிவும் நல்லபடியாக வந்தது. பங்குனியில் மறுபடி ஸ்கேன் பார்த்தபோது கட்டி இருந்த இடமே சுருங்கிப்போயிருந்தது. அதே மாதிரி வாய்வழியாகவே போய் அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றின் மேல் ஒரு தையல்கூடக் கிடையாது. ஊருக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, சமையலறைப் பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நான் சொன்னது பொய், என் கணவர் குடிக்கவில்லை, மாடு முட்டியது என்று சொன்னதுதான். அதோடு விடாமல் ரேஷன் கடை வரிசையிலும் சத்தமாகச் சொன்னேன். செவலைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று அவர் பயந்தாரே, ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், "கொம்பத் திருப்பிக்கிட்டு நெத்தியால தள்ளியிருக்கு, வெவரமான மாடு" என்று சொல்ல, அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது.

இந்தத் தையில் பக்கத்து ஊர் வாடிவாசலுக்குச் செவலையை அவரே கூட்டிப்போனார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். ஆன்லைனில் பதிவு செய்தபோது மாட்டின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார், எனக்குத் தெரியாது. மைக்கில் என் பெயரைச் சொல்லி, அவர்களுடைய காளை, தொட்டுப் பார் என்று அறிவித்தபோது நான் கேலரியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாடி திறந்தது. செவலை ஒரு சுற்றுச் சுற்றி நின்று விளையாடியது. திமில் மேல் ஒரு கை விழவில்லை. மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரம்மா வந்து அண்டாவை வாங்கிக்கோங்க என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மண்டிய கூட்டத்துக்கு அந்தப் பக்கம், மாட்டை மடக்கிப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார் என் கணவர். இளைத்துப்போன அந்த உடம்பில் சதை பிடித்து, மூச்சு வாங்காமல், சிரித்துக்கொண்டே ஓடினார்.

இப்போதெல்லாம் அவர் எல்லாவற்றையும் வந்து சொல்கிறார். வரப்பில் வழுக்கியது, காலில் முள் ஏறியது, நெஞ்சு கரிக்கிறது, எதுவாக இருந்தாலும் சொல்கிறார். சில நாள் சோறு வடிக்கிற நேரம் பார்த்து வந்து சொல்வார், வாய் வரைக்கும் வசவு வந்துவிடும். விழுங்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்து கேட்கிறேன். வலிக்கிறது என்று ஒரு மனுஷன் பயப்படாமல் வந்து சொல்கிற ஆளாக நான் மாறியிருக்கிறேன் என்பதுதான், மைக்கில் பெயர் சொல்லிக் கொடுத்த எந்தப் பரிசையும்விட எனக்குப் பெருமையாக இருக்கிறது.